ஆயா வாய் திறக்க என்ன வழி?

கேள்வி: போலந்து யூதர்களைப் பற்றி, வெறும் மூன்று நிமிடப் பழைய காட்சியை வைத்தே எடுத்த ஆவணப்படம் பார்த்தேன். எங்கள் ஆயாவின் அப்பச்சி (அப்பா) 1942-ல் ரங்கூனிலிருந்து நடந்தே ஊர் வந்தவர். அதைப் படமாக்க ஆசை. ஆனால் கேமராவை எடுத்தாலே ஆயா, "அதெல்லாம் இப்ப எதுக்கு அப்பு" என்று எழுந்து போய்விடுகிறார். என்ன செய்வது?
– வாசகர், தேவகோட்டை

பதில்: நீங்கள் பார்த்தது பியாங்கா ஸ்டிக்டர் எடுத்த படமாக இருக்கும். அமெரிக்காவில் குடியேறிய டேவிட் கர்ட்ஸ், 1938-ல் தான் பிறந்த நாசியெல்ஸ்க் ஊருக்குப் போனபோது எடுத்த காட்சி அது. 2009-ல் பேரன் க்ளென் கண்டெடுத்தார். அங்கே இருந்த சுமார் 3,000 யூதர்களில், நாஜிக்களிடம் தப்பிப் பிழைத்தவர்கள் 100 பேர்கூட இல்லை. அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நம் ஆட்கள் பர்மாவில் பட்ட பாட்டை இதோடு ஒப்பிடாதீர்கள். ஜப்பான்காரன் வந்ததும் கிட்டங்கியை, அதாவது தொழில் நடத்திய இடத்தைப் பூட்டிவிட்டுக் கிளம்பியதும், காட்டு வழியில் காலராவிலும் பசியிலும் எத்தனையோ பேர் செத்ததும் பெரிய கொடுமைதான். ஆனால் ஒரு இனத்தையே வீடு வீடாகப் பிடித்துக் கொன்றது வேறு.

அந்தப் படம் எடுத்தவர்களிடம் கற்க வேண்டியது பொறுமை. மங்கலாகத் தெரிந்த ஒரு மளிகைக் கடைப் பலகையை வைத்துக்கொண்டு, அந்தக் கடைக்காரர் பெயர் என்ன என்று எவ்வளவு தேடினார்கள்! காட்சியில் தெரிந்த 13 வயதுப் பையனைத் தன் தாத்தா என்று ஒரு பெண் கண்டுகொண்டதும், அந்தக் காட்சியை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்ததால்தான்.

நீங்களும் "அப்ப என்ன நடந்துச்சு ஆயா" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. எங்கள் ஆயாவும் அப்படித்தான், எத்தனை கேட்டும் பேசியதில்லை. ஒருநாள் இரண்டாம் கட்டில் சாமான் துலக்கும்போது, விளிம்பில் பச்சை உதிர்ந்த மங்கு (எனாமல்) தூக்கு ஒன்றைக் கையில் எடுத்தவர், "இது ஒண்ணுதான் கூட வந்துச்சு" என்று ஆரம்பித்து விளக்கு வைக்கும்வரை பேசினார். நான் ஒரு வரிகூடக் குறித்து வைக்கவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதனால் பெட்டகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய பேரேடு இருந்தால் அதில் விலாசம், அதாவது கடையின் பெயரெழுத்துகள் எழுதியிருக்கும், யார் மேலாள் (கடையை நடத்தியவர்), எந்தத் தெருவில் கடை என்று அதைக் காட்டிக் கேளுங்கள். கேமரா அப்புறம். போனில் குரலை மட்டும் பதிவு செய்தால் போதும், பதிவாகிறது என்பதை மட்டும் ஆயாவிடம் சொல்லிவிடுங்கள்.