‘லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்’ நாவலில் பெரியவர்கள் உண்மையிலேயே இல்லையா?

வில்லியம் கோல்டிங்கின் இந்த நாவலில் (1954) ஆளில்லாத் தீவில் சிக்கிக்கொள்ளும் சிறுவர்களோடு ஓர் ஆசிரியராவது பிழைத்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கதையே இருந்திருக்காது. ஆனால், அந்தத் தீவில் பெரியவர்களே இல்லை என்று நீங்கள் வைத்துக்கொண்டு கேட்பதை என்னால் முழுவதுமாக ஏற்க முடியவில்லை.

கோல்டிங்கின் கையெழுத்துப் பிரதி, அணுப்போரையும் சிறுவர்கள் விமானத்தில் அப்புறப்படுத்தப்படுவதையும் விரித்துச் சொல்லித்தான் தொடங்கியது. ஃபேபர் பதிப்பகத்தின் சார்லஸ் மான்டீத் அந்தப் பகுதியை நீக்கச் சொன்னார். அச்சான நாவலில், தன்னை அதட்ட ஒருவரும் இல்லை என்று தெரிந்த மகிழ்ச்சியில் ரால்ஃப் என்ற சிறுவன் தலைகீழாக நிற்கிறான். அவனோடு இருக்கும் பிக்கி என்ற சிறுவனோ ஒலிபெருக்கி வைத்திருந்த மனிதர் எங்கே, விமானி எங்கே என்று விசாரித்துக்கொண்டே இருக்கிறான். சங்கு கிடைத்ததும், அப்படி ஒன்றை முன்பே ஒரு வீட்டுச் சுவரில் பார்த்திருப்பதாகவும், அந்த வீட்டுப் பையன் ஊதினால் அவனுடைய அம்மா வந்துவிடுவாள் என்றும் பிக்கிதான் சொல்கிறான். சங்கை மக்களாட்சியின் சின்னம் என்று நோட்ஸில் எழுதி மனப்பாடம் செய்த எனக்கு, அது முதலில் அம்மாவைக் கூப்பிடும் கருவியாக இருந்தது என்பது பல ஆண்டுகள் கழித்து மறுபடி படித்தபோதுதான் கண்ணில் பட்டது. தீவில் கிடைத்த சங்கை ஊதும்போது பையன்கள் மட்டுமே வருகிறார்கள்.

நான்காம் அத்தியாயத்தில், கடலோரத்தில் தன்பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருக்கும் ஹென்றி என்ற சிறுவனை நோக்கி ரோஜர் என்ற இன்னொரு சிறுவன் மறைவிலிருந்து கல் எறிகிறான். ஆனால் ஒரு கல்லும் மேலே படுவதில்லை. வேண்டுமென்றே குறி தவறி எறிகிறான். ஹென்றியைச் சுற்றி ஏறக்குறைய ஆறு கஜ அகலத்துக்கு ஒரு வட்டம் இருக்கிறது, அதற்குள் கல்லை எறிய ரோஜருக்குக் கை வரவில்லை என்கிறார் கோல்டிங். பெற்றோர், பள்ளி, போலீஸ், சட்டம் எல்லாம் சேர்ந்து போட்ட வட்டம் அது. பெரியவர்கள் இருக்கும் இடம் என்று நான் சொல்வது அந்த மணல்வெளியைத்தான். வகுப்பை விட்டு ஆசிரியர் வெளியே போனதும், பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் லீடருக்கு நாமெல்லாம் பயந்தது அவனுக்காகவா, திரும்பி வரப்போகிறவருக்காகவா? திரும்பி வர ஒருவரும் இல்லை என்பது உறைக்க ரோஜருக்குச் சில அத்தியாயங்கள் பிடிக்கின்றன. பிறகு பிக்கியின் மேல் பாறையை உருட்டிவிடும்போது குறி தவறுவதில்லை.

இந்த வட்டத்தை நன்றாக அறிந்தவர் கோல்டிங். சாலிஸ்பரியில் ஆண்கள் பள்ளி ஒன்றின் ஆசிரியர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் ராக்கெட் ஏவும் படகுக்குத் தலைமை ஏற்றவர். அதனால்தான், ஓர் ஆசிரியர் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்ற ஆறுதலை அவர் நமக்குத் தருவதில்லை என்று நினைக்கிறேன். பெரியவர்களின் உலகத்திலிருந்து ஓர் அடையாளமாவது வராதா என்று ரால்ஃப் ஏங்கும் இரவிலேயே அது வந்துவிடுகிறது: வான்போரில் செத்துப்போன வீரன் ஒருவன் பாராசூட்டோடு மலையில் இறங்குகிறான். அவனைத்தான் சிறுவர்கள் மிருகம் என்று நம்பி நடுங்குகிறார்கள். உயிரோடு வரும் பெரியவரோ கடைசிப் பக்கங்களில் வரும் கடற்படை அதிகாரி. பிரிட்டிஷ் சிறுவர்கள் இதைவிட ஒழுங்காக நடந்துகொண்டிருக்கலாமே என்று வருந்தும் அவருடைய இடுப்பில் கைத்துப்பாக்கி தொங்குகிறது. சற்றுத் தொலைவில் அவருடைய போர்க்கப்பல் நிற்கிறது. இந்த முரணைப் பலரும் எழுதியிருக்கிறார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

அதே பக்கத்தில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது பெர்சிவல் என்ற பொடியன். தொலைந்துபோனால் பெரியவர் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எந்த வீட்டிலும் பிள்ளைக்குச் சொல்லித் தருவதைப்போல, அவனுக்கும் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் மனப்பாடம். பயம் வந்தபோதெல்லாம் அதை மந்திரம்போல ஒப்பித்து வந்தவன். இப்போது அதைக் கேட்க ஒருவர் எதிரே நிற்கிறார். நான், நான் என்று தொடங்குகிறான். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.