சுருளும் விளிம்பு: கடிதமும் பதிலும்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். கணவரின் வேலை காரணமாகப் பல ஆண்டுகள் டெல்லியில் இருந்தோம். அங்கே பக்கத்து வீட்டுப் பெண்களிடம் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டேன். இப்போது ஈரோட்டுக்கே திரும்பிவிட்டோம். ஊசியைக் கீழே வைக்க மனமில்லாமல், சாப்பாட்டு மேசையில் தட்டுக்கு அடியில் போட ஆறு மேட் பின்னலாம் என்று மிச்சமிருந்த உல்லன் நூலை எடுத்தேன். ஒரு வரிசை நிட் (நேர்ப்பின்னல்), ஒரு வரிசை பர்ல் (எதிர்ப்பின்னல்) என்று ஸ்வெட்டருக்குப் போடும் அதே பின்னல்தான். ஊசியிலிருந்து கழற்றியதும் நான்கு பக்கமும் வாடிய வெற்றிலைபோலச் சுருண்டுகொண்டது. அழுத்தி இஸ்திரி போட்டேன். சுருள் போயிற்று, ஆனால் பின்னல் துவண்டு, பளபளத்து, உயிரில்லாமல் ஆகிவிட்டது. இரண்டாவதும் சுருண்டது. அதற்கு இஸ்திரி போடாமல் அப்படியே வைத்திருக்கிறேன். தவறு என் கையிலா, நூலிலா? துடைத்துப் போடும் பிளாஸ்டிக் மேட் மலிவாகக் கிடைக்கும்போது இது வீண் வேலை என்கிறான் மகன். சாம்பார் கறையை என்ன செய்வது என்று மருமகள் கேட்கிறாள். பதில் எழுதுவீர்களா?

தங்கள் வாசகி,
ஈரோடு

அன்புள்ள அக்கா,

உங்கள் கையில் ஒரு தவறும் இல்லை. நீங்கள் போட்ட பின்னலை உலகத்தில் யார் போட்டாலும் சுருளத்தான் செய்யும். ஈரோட்டில் இருந்துகொண்டு இதைச் சோதித்துப் பார்ப்பது மிகவும் சுலபம். திருப்பூரில் தைத்த பழைய டி-ஷர்ட் ஒன்றை எடுத்து, உடம்புப் பகுதியில் குறுக்காக ஒரு வெட்டு வெட்டுங்கள். வெட்டிய விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து இழுங்கள். அது உடனே சுருண்டுகொள்ளும். பனியன் கம்பெனிகளில் சிங்கிள் ஜெர்சி என்று சொல்லும் அந்தத் துணியும், உங்கள் ஊசியில் வந்ததும் ஒரே பின்னல்தான். இயந்திரம் மெல்லிய நூலில் பின்னுகிறது, நீங்கள் பருத்த நூலில் பின்னினீர்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

காரணம் இதுதான். அந்தப் பின்னலில் ஒவ்வொரு கண்ணியும், அதாவது ஊசியில் விழும் நூல் வளையமும், பின்னாலிருந்து முன்னால் இழுக்கப்படுகிறது. அதனால் முன்பக்கம் வழுவழுப்பாகவும் பின்பக்கம் முண்டும் முடிச்சுமாகவும் இருக்கிறது. வளைக்கப்பட்ட நூல் நிமிரப் பார்க்கும். எல்லாக் கண்ணிகளும் ஒரே திசையில் வளைந்திருப்பதால் எல்லாமே ஒரே பக்கம் தள்ளுகின்றன. பக்கவாட்டு விளிம்புகள் பின்னோக்கியும், மேல் கீழ் விளிம்புகள் முன்னோக்கியும் சுருளும். ஸ்வெட்டரில் இது தெரியாது. பக்கங்களை இணைத்துத் தைத்துவிடுகிறோம், கீழ்ப்பட்டையிலும் கழுத்திலும் நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் ரிப் போடுகிறோம். மேட்டுக்கோ நான்கு பக்கமும் திறந்த விளிம்பு.

தீர்வு மிக எளியது. பர்லை விட்டுவிடுங்கள். எல்லா வரிசையும் நிட். கார்ட்டர் பின்னல் என்று புத்தகங்களில் வருவது இதுதான். ஒரு வரிசையின் தள்ளலை அடுத்த வரிசை சமன்செய்துவிடுவதால் துணி மேசையில் தட்டையாகக் கிடக்கும். இரண்டு வரிசைக்கு ஒரு வரப்பு எழும்பி, தடிப்பாகவும் இருக்கும். டெல்லியில் முதல் நாள் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்களே, அதேதான். கற்றவர்கள் இதைத் தொடக்கப் பாடம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம். சாப்பாட்டு மேசைக்கு இதைவிடப் பொருத்தமான பின்னல் இல்லை. ஓட்டை விழும் பூவேலையில் பருக்கை சிக்கும். முறுக்குப்போலப் புடைத்து நிற்கும் கேபிள் பின்னலில் தம்ளர் சாயும்.

அடுத்தது நூல். இஸ்திரிக்குத் துவண்டு பளபளத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது கம்பளி அல்ல, அக்ரிலிக் என்ற செயற்கை இழைதான். சூட்டில் இளகித் தன் துள்ளலை இழந்துவிடும், பிறகு அது திரும்பாது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை அதன்மேல் வைக்கக்கூடாது, எண்ணெய் காய்ந்த வாணலியை வைக்கவே கூடாது. உண்மையான ஆட்டு ரோமக் கம்பளி சூடு தாங்கும். ஆனால் வெந்நீரில் அலசித் தேய்த்தால் இழைகள் ஒன்றோடொன்று கோத்துச் சுருங்கிப்போகும். தினமும் துவைக்க வேண்டிய பொருளுக்கு அது ஒத்துவராது.

பருத்தி நூலை எடுங்கள். சூட்டில் உருகாது, ஈரத்தை உறிஞ்சும், நனைந்தால் இன்னும் வலுக்கும். அதனால்தான் அடித்துத் துவைத்தாலும் தாங்குகிறது. ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்குப் பருத்தி பிடிக்காது. கனம் அதிகம், தன் பாரத்திலேயே இழுபட்டுத் தொங்கும். மேசையில் படுத்துக் கிடக்கும் பொருளுக்கு அந்தக் கவலை இல்லை. கனம் இங்கே உதவியே செய்கிறது. தட்டை நகர்த்தினால் மேட் கூடவே வராது.

மேட்டின் வழக்கமான அளவு 30 செ.மீ.க்கு 45 செ.மீ. நேரடியாகத் தொடங்கிவிடாதீர்கள். நடுத்தரப் பருமனுள்ள நூலும் 4 மி.மீ. ஊசியும் கொண்டு உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு மாதிரித் துண்டு பின்னி, நனைத்துப் பிழிந்து காயவைத்த பிறகு அளந்து பாருங்கள். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். காய்ந்த துண்டில் 10 செ.மீ.க்கு 18 கண்ணி வந்தால், 30 செ.மீ.க்கு 54 கண்ணி ஏற்ற வேண்டும். கார்ட்டர் பின்னலில் ஒரு வசதி உண்டு. ஒரு கண்ணியின் அகலமும் ஒரு வரப்பின் உயரமும் ஏறத்தாழச் சமம். எனவே 45 செ.மீ. நீளத்துக்கு 81 வரப்பு, அதாவது 162 வரிசை. வரிசையை எண்ண வேண்டாம், வரப்பை எண்ணினால் போதும். எண்ணிக்கை தவறினாலும் விரலால் தடவியே மறுபடி எண்ணிவிடலாம்.

எவ்வளவு நூல் வேண்டும் என்பதையும் அந்த மாதிரித் துண்டே சொல்லும். சரியாக 10 செ.மீ. சதுரமாக ஒன்று பின்னி, சமையலறைத் தராசில் நிறுத்து, 13.5ஆல் பெருக்குங்கள். ஒரு மேட்டின் எடை வந்துவிடும். ஆறு மேட்டுக்கும் ஒரேயடியாக, சாய எண் (ஒரே தடவையில் சாயமிட்ட நூலைக் குறிக்கும் எண்) ஒன்றாகவே இருக்கும்படி பார்த்து வாங்குங்கள். அடுத்த மாதம் போய் அதே சிவப்பு கேட்டால் வேறு சிவப்பு கிடைக்கும்.

ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியையும் பின்னாமல் அப்படியே அடுத்த ஊசிக்கு நகர்த்துங்கள், விளிம்பு சங்கிலியாக ஒழுங்குபடும். நூல் தீர்ந்தால் நடுவில் முடிச்சுப் போட வேண்டாம். வரிசை ஓரத்தில் புது நூலைத் தொடங்கி, தொங்கும் முனைகளைத் தையல் ஊசியால் வரப்புக்குள் ஓட்டிவிடுங்கள். முடிச்சின்மேல் தம்ளர் வைத்தால் ஆடும்.

அடுப்பிலிருந்து நேராக வரும் பாத்திரத்துக்கு ஒற்றை மேட் போதாது. மேட் ஈரமாக இருந்தால் சூடு இன்னும் வேகமாக மேசைக்கு இறங்கி, வார்னிஷில் வெள்ளைத் தடம் விழும். பானைக்கு அடியில் வைக்க நம் வீடுகளில் வைக்கோல் பிரிமணை இருந்தது. அந்த வேலைக்கு இன்றும் அது நல்லது. பின்னல்தான் வேண்டும் என்றால் இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சுற்றிலும் தைத்துக்கொள்ளுங்கள்.

மருமகளிடம் சொல்லுங்கள்: மஞ்சள் கறைக்கு வெயிலே மருந்து. சோப்புப் பட்டதும் கறை சிவக்கும். காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும், பயப்பட வேண்டாம். நன்றாக அலசி நேர்வெயிலில் போட்டால் வெளிறிக்கொண்டே வரும். ஈரோட்டு வெயிலுக்கு அது பெரிய வேலை இல்லை. ஆனாலும் முதல் ஜோடியை வெள்ளையில் பின்னாதீர்கள். அரக்கும் கடுகுநிறமும் நம் சாப்பாட்டுக்கு ஏற்றவை.

உங்கள் மகன் சொல்வதை நான் ஏற்கவில்லை. பிளாஸ்டிக் மேட் துடைக்கச் சுலபம்தான். ஆனால் உங்கள் கையில் இத்தனை ஆண்டு வித்தை இருக்கிறது. ஈரோட்டில் ஸ்வெட்டர் பின்னினால் அது பெட்டிக்குள் போகும். மேட்டோ தினம் மூன்று வேளையும் எல்லோர் கண்முன்னாலும் கிடக்கும், கையில் படும். உடம்பு அளவு பார்க்க வேண்டாம், பேரன் வளர்ந்துவிட்டால் சின்னதாகிவிடுமே என்ற கவலையும் இல்லை. பயன்படாத இடத்தில் வித்தையைத் தேய்ப்பதைத்தான் நான் வீண் என்பேன்.

மகனையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்தோ படமோ அச்சிடாத, முழுப் பருத்தியாலான அவருடைய பழைய டி-ஷர்ட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். அக்குளுக்குக் கீழே குறுக்காக வெட்டி, கீழ்மடிப்பையும் நீக்கினால் ஒரு குழாய் கிடைக்கும். அதைத் தட்டையாக வைத்து, ஒரு பக்க மடிப்பை மறுபக்க மடிப்புக்கு மூன்று செ.மீ. குறைவாக வரும்படி மடியுங்கள். அந்த மூன்று செ.மீ.யைத் தொடாமல், இரண்டிரண்டு செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டுங்கள். பிறகு விரித்து, வெட்டாமல் விட்ட பகுதியில் ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்குச் சாய்வாக வெட்டிக்கொண்டே போனால் முழுச் சட்டையும் ஒரே நீள நாடாவாகிவிடும். நாடாவை இழுங்கள். உங்கள் மேட்டைக் கெடுத்த அதே சுருளல் இங்கே நாடாவின் இரு விளிம்பையும் உள்ளே மடக்கி, பருத்த கயிறுபோன்ற நூலாக மாற்றித் தரும். 10 மி.மீ. ஊசியில் கார்ட்டர் பின்னலே போடுங்கள். ஒரு மேட்டுக்கு இரண்டு மூன்று சட்டைகள் பிடிக்கும், அதனால் வெட்டுவதற்கு முன் நிறங்களைச் சேர்த்துப் பார்த்து அடுக்கிக்கொள்ளுங்கள்.

இஸ்திரி படாத அந்த இரண்டாவது மேட்டைப் பிரித்துவிடலாம். அந்த நூல் குழந்தைத் தொப்பிக்குச் சரியாக இருக்கும்.

அன்புடன்.