வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிப்பவர்களின் அன்றாட வாழ்க்கை எப்படியிருக்கும்? வார இறுதிகளில் ஊர் சுற்றிப் பார்க்க நேரம் கிடைக்குமா?

நேரம் கிடைக்கும். ஆனால் சனிக்கிழமைதோறும் கடற்கரைத் தீவுகளில் கழிக்கலாம் என்று எண்ணிப் போகிறவர்கள் முதல் பருவம் முடிவதற்குள் அந்த எண்ணத்தைக் கைவிட நேரும். நான் 2016 மே மாதம் முதல் 2018 மார்ச் வரை தாய்லாந்தில், ராட்சபுரி மாகாணத்தைச் சேர்ந்த பான் போங் என்னும் சிறு நகரில், ஓர் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தேன். அந்த இரண்டு ஆண்டுகளில் நான் சுற்றிப் பார்த்தவற்றுள் பெரும்பகுதி என் அறையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிட்டது. அதற்காக எனக்கு வருத்தம் ஏதுமில்லை.

முதலில் வேலையைப் பற்றி. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டவர் அல்லாத நம்மைப் போன்றவர்கள் அங்கே ஆசிரியராக வேண்டுமானால் பட்டம் இருந்தால் மட்டும் போதாது. ஆங்கிலத் திறனை அளக்கும் டோயிக் தேர்வில் 600 மதிப்பெண்ணோ அதற்கு இணையான வேறொரு தேர்வுச் சான்றோ காட்ட வேண்டும். அதன் பிறகு பணிக்குரிய விசா, பணி அனுமதிச் சீட்டு, ஆசிரியர் அவையான 'குருசபா' தரும் தற்காலிக அனுமதி, தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்தல் என்று தாள்கள் நீண்டுகொண்டே போகும். என்னை அமர்த்திய முகமை (பெயர் வேண்டாம்) ஆண்டுக்குப் பத்து மாதச் சம்பளம் மட்டுமே தந்தது. மார்ச், ஏப்ரல் விடுமுறைக்குக் காசில்லை என்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்ததை நான் படிக்காமல் கையெழுத்திட்டிருந்தேன். நீங்கள் படித்துவிடுங்கள். மாதம் 25,000 பாட் சம்பளத்தில் 3,500 பாட் அறை வாடகைக்குப் போனது. சிக்கனமாக இருந்தால் வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்ப முடிந்தது.

பள்ளி நாள் எட்டு மணிக்குக் கொடியேற்றத்துடன் தொடங்கும். நாட்டுப்பண், பௌத்த வழிபாடு, பிறகு தலைமை ஆசிரியரின் நீண்ட அறிவுரை. வெயிலில் நின்றுகொண்டு அதைக் கேட்கும் மாணவர்களின் முகத்தைப் பார்க்கையில் மதுரையில் நான் படித்த பள்ளியின் காலை வணக்கக் கூட்டத்திலிருந்து எவ்வகையிலும் விலகி வந்துவிட்டதாகத் தோன்றாது. வகுப்புக்குள் நுழைந்தால் நாற்பத்தைந்து பேர் எழுந்து நின்று, ஒரே இராகத்தில், "குட் மார்னிங் டீச்சர்" என்பார்கள். "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டால் "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?" என்ற மனப்பாட விடை வரும். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு சிறுவனும் அதே விடையைச் சொன்னபோதுதான் என் வேலை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது விளங்கியது.

தாய் மொழியில் சொல்லின் இறுதியில் 'ல்' ஒலி நிற்காது, 'ன்' ஆகிவிடும். 'ஸ்' நின்றால் 'த்' போல ஒலிக்கும். ஆகவே 'ஸ்கூல்' என்பது 'சகூன்' என்றும் 'ஆப்பிள்' என்பது 'அப்பென்' என்றும் வரும். எனக்கு இது வேடிக்கையாகத் தோன்றவில்லை, ஏனென்றால் சொல்லின் முதலில் 'ஸ்' வந்தால் முன்னால் ஓர் இகரத்தை ஒட்டிக்கொண்டு 'இஸ்கூல்' என்று சொல்லி வளர்ந்தவன் நான். அந்தப் பள்ளியில் ஓர் ஆங்கிலேயர், ஒரு ஃபிலிப்பைன்ஸ் பெண்மணி, நான் என்று மூவர் இருந்தோம். மூவரின் ஆங்கிலமும் மூன்று விதம். என்னிடம் படித்த பிள்ளைகள் ஆண்டு இறுதியில், பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் 'பான்' என்பதை விட்டுவிட்டுப் 'பால்' என்று அழுத்தந்திருத்தமாகச் சொல்லத் தொடங்கினார்கள். அது இலண்டன் உச்சரிப்பன்று, மதுரை உச்சரிப்பு என்பது எங்களில் எனக்கு மட்டுமே தெரியும்.

மாணவர்களுக்குப் பதிவேட்டில் சமஸ்கிருத வேர் கொண்ட நீண்ட பெயர்களும், வகுப்பில் அழைக்கப்படுவதற்கு ஓரசைச் செல்லப்பெயர்களும் உண்டு. ஒரே வகுப்பில் ஐஸ், பேங்க், கோல்ஃப், பீர் ஆகிய நால்வரும் இருந்தார்கள். பீர் நல்ல பிள்ளை. ஆசிரியருக்கு அங்கே 'க்ரூ' என்று பெயர், நம் 'குரு'வேதான். ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை 'வாய் க்ரூ' என்னும் குரு வணக்கம் நடக்கும். மாணவர்கள் முழங்காலிட்டு வந்து ஆசிரியர் கையில் வைக்கும் தட்டில் மரபாக அமைய வேண்டியவை அருகம்புல், இட்லிப்பூ, கத்தரிப்பூ, நெற்பொரி. பிள்ளையாருக்குச் சூட்டும் அருகம்புல்லை ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமி, வந்து ஒரு மாதமே ஆன எனக்கு முன்னால் வைத்து வணங்கியபோது என்ன செய்வதென்று தெரியாமல் நானும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டேன். அருகில் இருந்த மூத்த ஆசிரியை, ஆசிரியர் அப்படிச் செய்யக் கூடாது என்று கண்ணாலேயே எச்சரித்தார். அவரை நான் 'பீ' என்றே அழைப்பேன். நம் அக்காவுக்கு ஈடான சொல். காய்ச்சல் வந்தால் கஞ்சியும், தாள் வேலைக்குத் துணையும், வேண்டாத அறிவுரையும் அவரிடமிருந்துதான் வரும்.

2016 அக்டோபர் 13 அன்று மன்னர் பூமிபோல் மறைந்தார். மறுநாளிலிருந்து ஊரே கறுப்பு உடைக்கு மாறியது, கடைகளில் கறுப்புத் துணி தீர்ந்துபோய் மக்கள் பழைய சட்டைகளைச் சாயத்தில் முக்கி எடுத்தார்கள். நாங்களும் ஏறத்தாழ ஓராண்டு கறுப்பிலேயே பள்ளிக்குச் சென்றோம். வெளிநாட்டில் வேலை பார்ப்பது என்பதில் அந்த நாட்டின் துக்கத்தையும் உடுத்திக்கொள்வது அடங்கும் என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். நான் சைவம். 'மங்சவிரத்' என்றால் சைவ உணவு என்று அவர்களுக்குப் புரியும், மாமிசத்தை விலக்குதல் என்னும் வடமொழிப் பொருளை அச்சொல்லிலேயே கேட்கலாம். ஆனால் மீன் சாற்றை யாரும் மீன் என்று கருதுவதில்லை. அதை விலக்க 'ஜே' என்று சொல்ல வேண்டும், அப்போது வெங்காயமும் பூண்டும்கூடப் போய்விடும். மாலைச் சந்தையில் குழிக்கல்லில் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் ஊற்றிச் சுடும் 'கனொம் க்ரொக்' என் இரவு உணவைப் பலமுறை காப்பாற்றியது. பணியாரத்துக்கு உறவு என்று சொன்னால் அந்தக் கடைக்கார அம்மா நம்பவே மாட்டார்.

இனி வார இறுதிகள். முதல் இரண்டு மாதங்கள் சனிக்கிழமை முழுவதும் தூக்கத்திலும் துணி துவைப்பதிலும் போயின. பிறகு வெளியே கிளம்பினேன், வழி கேட்கும் இடத்திலேயே அடிபட்டேன். தாய் மொழியில் 'அருகில்' என்பதற்கும் 'தொலைவில்' என்பதற்கும் சொல் ஏறக்குறைய ஒன்றே: இரண்டும் 'க்லாய்' போன்றுதான் நம் காதில் விழும். குரல் விழுந்தால் அருகு, சமமாக நின்றால் தொலைவு. அருகில்தான் என்று சொன்னதாக எண்ணிக்கொண்டு நண்பகல் வெயிலில் நாலு கிலோமீட்டர் நடந்த பிறகு, எங்கே போவதானாலும் 'எத்தனை கிலோமீட்டர்' என்று மட்டுமே கேட்கக் கற்றுக்கொண்டேன்.

தெற்கே அடுத்த ஊரான போதாராமில் 'வாட் கனோன்' என்னும் பௌத்த மடம் உள்ளது. அங்கே சனிக்கிழமை காலை பத்து மணிக்கு 'நங் யாய்' நிழற்கூத்து நடக்கும். 'பெரிய தோல்' என்பது அதன் பொருள். நம் தோற்பாவைபோல் கை கால் அசையும் பாவைகள் அல்ல. ஆளுயரத்துக்கு ஒரே மாட்டுத்தோலில் செதுக்கிய ஓவியங்களைக் கழிகளில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆட்டக்காரர்கள் திரைக்கு முன்னாலும் பின்னாலும் தாமே ஆடுகிறார்கள். கதை இராமாயணம், அவர்கள் மொழியில் 'ராமகியன்'. இராவணன் அங்கே 'தொத்சகன்', அதாவது தசகண்டன். அனுமன் பிரம்மச்சாரி அல்லன், காதல் மன்னன். நான்கு முறை சென்றேன். இரண்டாம் முறை என் மாணவன் ஒருவன் அங்கே கழி தூக்கி ஆடிக்கொண்டிருந்தான். வகுப்பில் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லத் தெரியாத பையன், திரையின் முன் கால் தூக்கி நின்ற நிற்பில் சிறிதும் தயக்கம் இல்லை. அதற்குப் பிறகு அவனிடம் 'முன்னால் வந்து சொல்' என்று அதட்டுவதை நிறுத்திவிட்டு, 'நடித்துக் காட்டு' என்று கேட்கத் தொடங்கினேன்.

ஆனால் நான் மிகுதியாகச் சென்றது காஞ்சனபுரிக்குத்தான். பான் போங்கிற்கு அருகிலுள்ள நோங் பிளா துக் சந்திப்பிலிருந்து காலை ஒன்பது மணிக்குப் பிறகு ஒரு மூன்றாம் வகுப்பு இரயில் கிளம்பும். எவ்வளவு தொலைவு சென்றாலும் வெளிநாட்டவருக்கு அப்போது 100 பாட் கட்டணம். முதல் முறை நான் அதில் ஏறியது ஏராவண் அருவியில் குளிப்பதற்காக. ஏழு நிலைகளாக இறங்கும் அருவி, கால்களைக் கொத்தும் மீன்கள், வெளிநாட்டவருக்கு மூன்று மடங்கு நுழைவுக் கட்டணம் (பணி அனுமதிச் சீட்டைக் காட்டிப் பார்க்கலாம், எனக்கு ஒருமுறை பலித்தது) என்று அந்த நாள் நன்றாகவே கழிந்தது. திரும்பும் வழியில்தான், நாள்தோறும் நான் சந்தைக்குப் போய்வரும் ஊர் எது என்பது எனக்கு உறைத்தது.

அந்தப் பாதையே சயாம் மரண இரயில். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை 1942-இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபருக்குள், பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் தண்டவாளத்தை மனித உடல்களைக் கொண்டு போட்டு முடித்தது. சிங்கப்பூரிலிருந்து சரக்குப் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட போர்க்கைதிகள் இறக்கிவிடப்பட்ட இடம் பான் போங். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் அனுப்பப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் வந்ததும் அதே வழியில்தான். இறந்த போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்களில் சுமார் 90,000 பேர் இறந்திருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களைப் பெயர் எழுதி எண்ணியவர் இல்லாததால் மதிப்பீட்டோடு நிற்க வேண்டியிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை நான் அருவிக்குப் போகாமல் காஞ்சனபுரி நிலையத்திலேயே இறங்கிப் போர்க் கல்லறைக்குச் சென்றேன். ஏறத்தாழ 7,000 கல்லறைகள். வெட்டிச் சீராக்கிய புல், பெரும்பாலான கற்களில் பெயர், படைப்பிரிவு, வயது. இருபத்திரண்டு, இருபத்து நான்கு என்று படித்துக்கொண்டே போகலாம். ஆங்கிலேயர், டச்சுக்காரர், ஆஸ்திரேலியர் உறங்கும் அந்த வரிசைகளில் ஒரு தோட்டத் தொழிலாளியின் பெயரும் இல்லை. சற்றுத் தள்ளி உள்ள வாட் தாவோன் வராராம் என்னும் கோயிலின் வளாகத்தில்தான் ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைத் திரட்டிப் புதைத்த இடம் இருக்கிறது. அதன் மேல் ஒரு தூபி. பேருந்துகளில் வந்திறங்கிய பயணிகள் எவரும் அந்தப் பக்கம் வரவில்லை. நான் கொண்டு போயிருந்த ஊதுவத்தியை ஏற்றிவிட்டு, எந்தப் பெயரைச் சொல்லி வணங்குவது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நான் ஊர் திரும்பிய பின், 2023-இல், தமிழர்கள் முயன்று அங்கே நடுகல் ஒன்றை நாட்டியிருக்கிறார்கள் என்று செய்தியில் படித்தேன். போகிறவர்கள் அந்த இரயில் பாதையின் குவாய் ஆற்றுப் பாலத்தில் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல் அங்கேயும் ஒரு கால் மணி நேரம் நிற்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பாங்காக்கிற்கு மாதம் ஒருமுறை, சீலோம் சாலையிலுள்ள மாரியம்மன் கோயிலுக்கும் அப்படியே ஒரு தோசைக்கும் போவேன். தமிழர்கள் கட்டிய அக்கோயிலை ஊரார் 'வாட் கேக்' என்பார்கள். 'கேக்' என்றால் விருந்தாளி, இந்தியர்களான நம்மையும் அதே சொல்லால்தான் குறிப்பார்கள். பள்ளியில் முதல் நாள் என் முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் கிசுகிசுத்ததும் அதுவே. எந்தப் பொருளில் சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

திங்கட்கிழமை முதல் வகுப்பில் பத்து நிமிடம் எங்களுக்குள் ஒரு பண்டமாற்று நடக்கும். நான் எங்கே போனேன் என்பதைத் தாய் மொழியில் சொல்ல வேண்டும், அவர்கள் என் குரல் ஏற்ற இறக்கத்தைத் திருத்துவார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்பதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், நான் 'கோ' என்பதை 'வென்ட்' என்று மாற்றுவேன். கல்லறைக்குப் போய்வந்த திங்களன்று, "டீச்சர் கோ வேர்?" என்று ஐஸ் கேட்டாள். காஞ்சனபுரி என்றேன். "க்லாய்?" என்றாள். அருகா, தொலைவா என்று அவள் எதைக் கேட்டாள் என்பது அப்போதும் என் காதுக்குப் பிடிபடவில்லை. ஐம்பது கிலோமீட்டர் என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையில் தேதியை எழுதினேன்.