குளம் உள்ள ரியாத் எடுக்கலாமா?

கேள்வி: திருமணமாகி 25 ஆண்டு நிறைவதைக் கொண்டாட ஜனவரியில் மொராக்கோ போகிறோம். ஃபெஸ் நகரின் பழைய பகுதியில் ரியாத் என்கிறார்களே, அப்படி ஒரு பழைய மாளிகையில் நான்கு இரவு தங்க ஆசை. முற்றத்தில் நீச்சல் குளம் உள்ள ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். வாடகை அதிகம், ஆனால் படங்கள் அவ்வளவு அழகு. எடுக்கலாமா? 74 வயது அம்மாவும் எங்களோடு வருகிறார்.
– வாசகி, கோவை

பதில்: வேண்டாம். உங்கள் கடிதத்தில் முதலில் வந்திருக்க வேண்டிய வரி கடைசியில் வந்திருக்கிறது. அம்மா வருகிறார் என்றால் வீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அவர் முழங்காலை வைத்துத்தான்.

ஃபெஸ் எல் பாலி எனப்படும் அந்தப் பழைய பகுதி சரிவில் அமைந்த ஊர். கார் உள்ளே போகாது. சுமையெல்லாம் கோவேறு கழுதை மீதும் தள்ளுவண்டியிலும்தான். மேற்கே பாப் பூ ஜெலூத் வாசலில் தொடங்கும் தலா கபீரா, தலா ஸ்கீரா என்ற இரண்டு தெருக்களும் கரவிய்யீன் மசூதி இருக்கும் பள்ளத்தை நோக்கி இறங்குகின்றன. தலா என்றாலே ஏற்றம் என்று பொருள். 'பழைய நகரின் நடுவில்' என்று ஒரு வீட்டுக்காரர் பெருமையாக எழுதியிருந்தால், எந்தப் பக்கம் போனாலும் நடை என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு பத்ஹா சதுக்கத்தை ஒட்டிய வீடு நல்லது. அதுவரை டாக்சி வரும். அங்கிருந்து வாசலுக்கு எத்தனை நிமிட நடை, வழியில் எத்தனை படி என்று எண்ணிக்கையாகவே கேளுங்கள். 'பக்கம்தான்' என்ற பதிலை ஏற்காதீர்கள்.

அப்புறம், படங்கள். பத்துப் படத்தில் எட்டு முற்றத்தைக் காட்டும். நீங்கள் தூங்கப்போவது அறையில். இந்த வீடுகள் தெருவுக்கு முதுகைக் காட்டி முற்றத்தைப் பார்த்துக் கட்டப்பட்டவை. பெரும்பாலும் சன்னல்கள் முற்றத்துப் பக்கம்தான். தரைத்தள அறையில் வெளிச்சம் குறைவு, காலையில் உங்கள் கதவுக்கு வெளியே பிறர் சாப்பிடும் சத்தம் கேட்கும். மாடி அறைக்கு வெளிச்சம் உண்டு, ஆனால் படிகள் குறுகலாக, உயரமாக இருக்கும். லிஃப்ட் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அம்மாவுக்குத் தரைத்தளம், உங்கள் இருவருக்கும் மாடி. எந்த அறை என்று முடிவு செய்து, அந்த அறையின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

குளத்தை விடச் சொல்வதற்குக் காரணம் குளிர். ஜனவரி இரவில் ஃபெஸ்ஸில் ஐந்து டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். வெயிலைத் தாங்கக் கட்டிய வீடுகள் இவை. திறந்த முற்றமும் தடித்த சுவரும் ஓடு பதித்த தரையும் கோடையில் வரம், ஜனவரியில் அதே தரை சில்லிடும். படுக்கையறையில் மட்டுமல்ல, குளியலறையிலும் சூடேற்றும் வசதி இருக்கிறதா, முற்றத்துக்கு மேலே மூடி போடுகிறார்களா என்று கேளுங்கள்.

ரியாத் என்ற அரபுச் சொல்லுக்குத் தோட்டங்கள் என்று பொருள். சவூதித் தலைநகரின் பெயரும் இதே சொல்தான். முற்றத்தில் மரம் செடி வளரும் பாத்திகள் இருந்தால்தான் அது ரியாத். வெறும் ஓடு பதித்த முற்றமென்றால் அந்த வீட்டுக்குப் பெயர் தார். இன்று விளம்பரத்தில் எல்லாமே ரியாத் ஆகிவிட்டது. தார் குறைந்ததல்ல, பல தார்கள் அற்புதமானவை. ஆனால் ஆரஞ்சு மரத்தடியில் உட்கார ஆசைப்பட்டுப் பணம் கொடுக்கிறீர்கள் என்றால் மரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

உண்மையான சொகுசு இந்த வீடுகளின் கைவேலையில் இருக்கிறது. மெருகிட்ட ஓட்டைச் சுத்தியலால் துண்டு துண்டாகச் செதுக்கி, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பதிப்பது ஸெல்லீஜ். அதற்கு மேலே செதுக்கிய சாந்து, அதற்கும் மேலே மத்திய அட்லஸ் மலையின் தேவதாரு மரக் கூரை. இதைப் பழைய முறையிலேயே பழுதுபார்த்தவரிடம் கேட்டுப் பாருங்கள், எந்தச் சுவர் பழையது, எது புதியது என்று ஆசையாகச் சொல்வார். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசிய வீட்டில் ஈரம் வெளியேற வழியில்லை, அறையில் பூஞ்சை வாடை வரும். குளத்துக்குக் கொடுக்க நினைத்த பணத்தை ஒழுங்காகப் பழுதுபார்த்த வீட்டுக்குக் கொடுங்கள்.

சைவமென்றால் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். கூஸ்கூஸ் என்பது ஆவியில் வேகவைத்த கோதுமை ரவை உணவு; காய்கறிக் கூஸ்கூஸ் என்றாலும் பலசமயம் இறைச்சிச் சாற்றில்தான் வேகும். வந்து சேரும் நேரத்தையும் சொல்லி, வீட்டு ஆளைத் தள்ளுவண்டியோடு பத்ஹா சதுக்கத்துக்கே வரச் சொல்லுங்கள். அந்தச் சந்துகளில் முதல் இரவு அம்மாவை வைத்துக்கொண்டு நீங்களாக வழி தேட வேண்டாம்.