மூன்றாம் பக்கத்தில் ஒளிந்திருந்த செய்தி

கேள்வி: ஏற்காட்டில் 22 பெண்கள் சேர்ந்து சுயஉதவிக் குழு நடத்துகிறோம். எங்கள் தோட்டத்துக் காபியை நாங்களே வறுத்து அரைத்து விற்க, ஏரிப் பக்கம் கடை திறந்திருக்கிறோம். திறப்பு விழா முடிந்ததும் சேலத்து நாளிதழ்கள் எல்லாவற்றுக்கும் செய்திக்குறிப்பு அனுப்பினோம். ஒன்றில்கூட வரவில்லை. விளம்பரம் கொடுத்தால்தான் போடுவார்களா?

பதில்: விளம்பரம் காரணமில்லை. நீங்கள் இணைத்திருந்த மூன்று பக்கத்தையும் படித்தேன். ஒரு நாளிதழின் சேலம் பதிப்பில் பல வருஷம் டெஸ்க்கில், அதாவது வரும் செய்திகளைத் தேர்ந்து திருத்தும் இடத்தில், இருந்தவன் நான். அன்றைக்கு இது என் கைக்கு வந்திருந்தால் முதல் பத்தியைத் தாண்டியிருக்க மாட்டேன்.

‘ஏழைகளின் ஊட்டியாம் ஏற்காட்டின் எழில் கொஞ்சும் சூழலில்’ என்று தொடங்குகிறீர்கள். சேலத்தில் உட்கார்ந்திருக்கும் உதவி ஆசிரியருக்கு ஏற்காட்டைத் தெரியாதா? அடுத்து தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், குத்துவிளக்கு ஏற்றியவர் என்று வரிசையாக 14 பெயர்கள். மூன்றாம் பக்கத்தின் நடுவில்தான், இதுவரை பழமாகவே வியாபாரிகளுக்கு விற்று வந்தீர்கள் என்ற விஷயமே வருகிறது. அதுதான் ஐயா செய்தி என்று சொல்ல வாய் வந்தது. எழுதியது அம்மாக்கள் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

நானாக இருந்தால் இப்படித் தொடங்குவேன்:

‘ஏற்காடு, நவ. 18: காபிப் பழத்தை வியாபாரிகளிடம் விற்று வந்த மலைக்கிராமப் பெண்கள் 22 பேர், இந்த அறுவடை முதல் தாங்களே காயவைத்து, வறுத்து, அரைத்துத் தூளாக விற்கின்றனர். ஏற்காடு ஏரி அருகே அவர்களது கடை நேற்று திறக்கப்பட்டது.’

இரண்டாவது பத்தியில் விலை, கடை நேரம், இயந்திரத்துக்குப் பணம் வந்த வழி. மூன்றாவதில் ஒருவர் பேச்சு. ‘பெருமகிழ்ச்சி அடைகிறோம்’ என்று யாரும் பேசுவதில்லை. எனக்கு எழுதிய கடிதத்தின் ஓரத்தில், ‘பழத்தைக் கொட்டி எடை போடறப்பவே வயிறு எரியும், இப்ப தராசு எங்க கையில’ என்று ஒரு அக்கா சொன்னதாகக் குறித்திருக்கிறீர்களே, அதைப் போடுங்கள். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் உங்கள் சேர்வராயன் மலைக்குக் காபி கொண்டுவந்த கதைக்குக் கடைசியில் ஒரு வரி போதும். விருந்தினர் பெயர்கள் அதற்கும் கீழே. பக்கத்தில் இடம் போதாவிட்டால் வாலிலிருந்துதான் வெட்டுவார்கள். மொத்தம் ஒரு பக்கத்துக்கு மேல் போகவே கூடாது.

யூனிகோடில் தட்டச்சு செய்து மெயிலின் உள்ளேயே ஒட்டுங்கள். ஸ்கேன் செய்து அனுப்பினால் யாராவது உட்கார்ந்து மறுபடி அடிக்க வேண்டும், அடிக்க மாட்டார்கள். ஒருமுறை ஒரு அமைப்பிலிருந்து வந்த குறிப்பு பழைய எழுத்துருவில் இருந்ததால் என் திரையில் பூச்சி பூச்சியாக ஊர்ந்தது. கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால் போன் நம்பர் இல்லை. போயிற்று. எடுத்துப் பேசக்கூடிய ஒருவரின் பெயரும் நம்பரும் கட்டாயம் வேண்டும்.

படத்துக்கு ரிப்பன் வெட்டும் வரிசை வேண்டாம். வறுக்கும் இயந்திரத்தின் முன்னால் கொட்டையை அள்ளிப் பார்க்கும் பெண் போதும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் தேய்ந்துவிடும்; டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இடமிருந்து வலம் யார் யார் என்று கீழே எழுதுங்கள், இனிஷியலோடு.

முதலில் ஏற்காடு பகுதி நிருபரிடம் பேசுங்கள். மெயில் போன பிறகு ஒரே ஒரு போன். திங்கட்கிழமை வேண்டாம், கலெக்டர் ஆபீஸ் மனுநாள், நிருபர்கள் அங்கே இருப்பார்கள். மே மாதமும் வேண்டாம். கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் பக்கத்தை அடைத்துக்கொள்ளும். மதியத்துக்குள் அனுப்புவது நல்லது. சாயங்காலம் ஆறு மணிக்கு வரும் குறிப்பைப் பார்த்தாலே டெஸ்க்குக்கு எரிச்சல்.

உங்கள் திறப்பு விழா பழசாகிவிட்டது, அதையே மறுபடி அனுப்பாதீர்கள். பிப்ரவரி வாக்கில் அறுவடை ஓயும். விற்ற பணத்தை 22 பேரும் முதல் முறையாகப் பங்கு பிரிக்கும் நாள் வரும் இல்லையா, அதற்கு இரண்டு நாள் முன்னால் நிருபருக்குச் சொல்லுங்கள். நிருபருக்குக் கவரில் பணம் வைத்துக் கொடுக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். காசு வாங்கிப் போட்ட செய்தியை பிரஸ் கவுன்சில் ‘பெய்ட் நியூஸ்’ என்கிறது. உங்கள் பெயரும் சேர்ந்து கெடும். மலையேறி வருபவருக்கு உங்கள் தூளில் ஒரு டம்ளர் காபி போட்டுக் கொடுங்கள், அது லஞ்சத்தில் சேராது.