ஓடாத ஏசி கம்ப்ரஸரை லாரியிலிருந்து கழற்றலாமா?

கேள்வி இதுதான்: பழைய லாரி ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், ஏசி ஓடவில்லை, சரிபண்ணும் எண்ணமும் இல்லை. கம்ப்ரஸரைக் கழற்றிவிட்டால் டீசல் மிச்சமாகுமா, டயருக்குக் காற்றடிக்க அதை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்கிறீர்கள். நான் குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் வண்டி ஏசி வேலை பார்க்கிறவன். அடிக்கடி வருகிற கேள்விதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டீசலுக்காக என்றால் கழற்றவே வேண்டாம். பெரும்பாலான லாரி கம்ப்ரஸர்களில் முன்பக்கம் காந்தக் கிளட்ச் இருக்கும். ஏசி சுவிட்சைப் போட்டால்தான் அது பிடித்து உள்ளே இருக்கிற பிஸ்டனை ஓட்டும். அணைத்திருக்கும்போது புல்லி மட்டும் தன் பேரிங்கில் சும்மா சுற்றுகிறது. அதற்குப் போகிற டீசல் உங்கள் கணக்கில் தெரியாது.

கவனிக்க வேண்டியது அந்தப் பேரிங்கைத்தான். ஏசி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இன்ஜின் ஓடுகிற நேரமெல்லாம் அது சுற்றிக்கொண்டே இருக்கும். கிரீஸ் காய்ந்து இறுகிவிட்டால் பெல்ட் வழுக்கிப் புகையும், கடைசியில் அறுந்துபோகும். டைனமோவுக்கும் வாட்டர் பம்புக்கும் அதே பெல்ட் என்றால் சார்ஜும் நின்று, இன்ஜினும் சூடேறி, ஆரல்வாய்மொழி தாண்டி ராத்திரியில் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். சின்னமுட்டம், குளச்சல் பக்கம் மீன் லோடு ஏற்றுகிற வண்டிகளை உப்புக் காற்று இன்னும் சீக்கிரம் பதம் பார்க்கும்.

சோதிப்பது எளிது. இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, பெல்ட்டைத் தளர்த்துங்கள். புல்லியை விரலால் சுற்றிப் பாருங்கள். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால் நல்லது. மணலைத் தேய்ப்பது மாதிரி கரகரவென்று விரலில் தெரிந்தாலோ, பிடித்து ஆட்டும்போது பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங் போய்விட்டது. புல்லியைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துருப்பொடி படிந்திருந்தாலும் அப்படித்தான்.

பேரிங் போனதற்காகக் கம்ப்ரஸரையே தூக்கிப்போடச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முன்னால் இருக்கிற நட்டைக் கழற்றி, கிளட்ச் பிளேட்டை எடுத்து, புல்லியைப் பிடித்திருக்கிற சர்க்ளிப் வளையத்தை விலக்கினால் புல்லி வெளியே வந்துவிடும். பழைய பேரிங்கைத் தட்டி எடுத்துப் புதியதை அழுத்தி வைத்தால் போதும். கேஸ் பைப் எதையும் தொட வேண்டியதில்லை. ஏசி வேண்டவே வேண்டாம் என்றால் அந்த பிளேட்டைத் திரும்ப மாட்டாதீர்கள், கிளட்ச்சின் காந்தச் சுருளுக்கு (காயில்) வருகிற ஒயரைப் பிரித்து நுனியில் டேப் சுற்றிவிடுங்கள். கம்ப்ரஸர் இருந்த இடத்தில் இருக்கும், புல்லி பெல்ட்டைத் தாங்குகிற வேலையை மட்டும் செய்யும். பெல்ட்டின் அளவும் மாறாது. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்கிற வழி இதுதான்.

முழுதாகவே கழற்றப்போகிறீர்கள் என்றால் முதலில் கேஸ். லைனில் கேஸ் இருந்தால், வண்டி சும்மா நிற்கும்போதே 30 டிகிரி வெயிலில் ஏறக்குறைய 95 பிஎஸ்ஐ அழுத்தம் உள்ளே இருக்கும். ஸ்பானர் போட்டுத் திறந்தால் பீய்ச்சி அடிக்கும். ஏசியில் இருக்கிற ஆர்134ஏ கேஸ் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கிற பொருள், கையிலோ கண்ணிலோ பட்டால் உறைந்து புண்ணாகும். வெளியே விட்டால் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குகிற கேஸ் அது. மெஷின் வைத்து உறிஞ்சி எடுக்கிற கடையில் கொடுத்து எடுங்கள். அப்புறம் இரண்டு பைப் வாய்களையும் கம்ப்ரஸர் வாய்களையும் இறுக்கமாக மூடுங்கள்.

அடுத்தது பெல்ட். கம்ப்ரஸருக்குத் தனி வி பெல்ட் என்றால் அதை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே பெல்ட் என்றால் அந்த இடத்தில் பெல்ட்டைத் தாங்க மட்டும் சும்மா சுற்றுகிற ஐட்லர் புல்லி வைக்க வேண்டும், அல்லது குட்டையான பெல்ட் போட வேண்டும். பெல்ட்டில் 6பிகே 1230 என்று எழுதியிருந்தால் ஆறு வரி, 1230 மில்லிமீட்டர் நீளம் என்று அர்த்தம். மீதியிருக்கிற புல்லிகளைச் சுற்றி நூல் பிடித்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். புது வழியில் பெல்ட் வேறெதிலும் உரசக்கூடாது, வாட்டர் பம்ப் புல்லியை முன்பு சுற்றிப் பிடித்த அளவுக்குப் பிடிக்கவும் வேண்டும். இது சரிவராவிட்டால் ஐட்லர்தான்.

காற்றடிக்கிற விஷயம். ஏர் பிரேக் உள்ள பெரிய லாரி என்றால் உங்களுக்கு அது தேவையே இல்லை, பிரேக்குக்கான கம்ப்ரஸரும் டேங்கும் ஏற்கெனவே இருக்கின்றன. எந்தக் காரணத்துக்காகவும் ஏசி கம்ப்ரஸரின் காற்றை பிரேக் லைனில் சேர்க்காதீர்கள். அதில் எண்ணெய் கலந்து வரும், வால்வு ரப்பர்களைக் கெடுக்கும். உயிரோடு விளையாடுகிற வேலை அது.

ஏர் பிரேக் இல்லாத பிக்கப் வண்டிக்குச் செய்யலாம், நன்றாகவே காற்றடிக்கும். ஆனால் இந்தக் கம்ப்ரஸர்களுக்கு எண்ணெய் கேஸோடு சேர்ந்து சுற்றித்தான் கிடைக்கிறது. கேஸ் இல்லாமல் வெறும் காற்றை இழுத்தால் எண்ணெய் இல்லாமல் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அதனால் இழுக்கிற பக்கம் ஃபில்டரும் எண்ணெய் சொட்டுகிற ஏற்பாடும், தள்ளுகிற பக்கம் எண்ணெய் பிரிக்கிற கிண்ணமும் வேண்டும். டேங்க், 100 பிஎஸ்ஐயில் தானாக நிறுத்துகிற பிரஷர் சுவிட்ச், சேஃப்டி வால்வு, இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ஓட்டாதீர்கள். வேறு வண்டியில் மாட்டுவதானால் கிளட்ச் காயில் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பாருங்கள். லாரியில் வருவது பெரும்பாலும் 24.

இன்னொன்றும் யோசியுங்கள். நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. குலசேகரம், அருமனைப் பக்கமிருந்து ரப்பர் தடி ஏற்றி ராத்திரி இறங்கி வருகிற டிரைவருக்கு முன்கண்ணாடியில் ஆவி படிந்தால் எதிரே வருகிற வண்டி தெரியாது. ஏசியைப் போட்டால் கேபின் காற்றில் இருக்கிற ஈரம் வடிந்து கண்ணாடி விரைவில் தெளிந்துவிடும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற, மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று அரசே விதி போட்டிருக்கிறது. உங்கள் வண்டி பழையது, அந்த விதி அதற்குப் பொருந்தாது. இருந்தாலும் கழற்றுவதற்கு முன் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் லீக் எங்கே என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் பைப் இணைப்பில் இருக்கிற ஓ ரிங் ரப்பரோ, கேஸைக் குளிர்விக்கிற கண்டென்சர் துருப்பிடித்ததோதான் காரணமாக இருக்கிறது, கம்ப்ரஸர் நன்றாகவே இருக்கும்.

அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால், கழற்றியதை ஆக்கர் கடையில் எடைக்குப் போடாதீர்கள். வாய்களை மூடி வைத்திருந்தால் உள்ளே இருக்கிற எண்ணெய் ஈரம் குடிக்காது, அதே மாடல் தேடி வருகிறவர் அதைவிட நல்ல விலை கொடுப்பார்.