விளையாட்டு சிகிச்சை: பெற்றோர் கேட்டவையும் என் பதில்களும்

குழந்தைகளோடு விளையாட்டு சிகிச்சை அறையில் உட்காருவதுதான் பல வருடங்களாக என் வேலை. வந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

மகனுக்கு 5 வயது. தம்பி பிறந்ததிலிருந்து எதற்கெடுத்தாலும் கோபம். டாக்டர் விளையாட்டு சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார். வீட்டிலேயே பொம்மைகள் கொட்டிக் கிடக்கின்றன. தனியாக ஒருவரிடம் எதற்குப் போக வேண்டும்?

நியாயமான கேள்வி. பொம்மைக்காக நீங்கள் போகவில்லை, பொம்மைக்குப் பக்கத்தில் உட்காரப்போகும் ஆளுக்காகப் போகிறீர்கள். 'அம்மாவுக்கு இனிமேல் நான் வேண்டாமோ என்று பயமாக இருக்கிறது' என்று சொல்ல 5 வயதில் வார்த்தை வராது. ஆனால் குட்டிப் பாப்பா பொம்மையைத் தூக்கிக் குப்பைக்கூடையில் போட வரும். வீட்டில் அப்படிச் செய்தால், 'பாப்பாவை அப்படிப் போடலாமா?' என்று உடனே திருத்துவோம். அங்கே இருப்பவர், 'அந்தப் பாப்பா இங்கே இருக்கவே கூடாது' என்று அவன் மனதில் இருப்பதைத் திருப்பிச் சொல்வார், அவ்வளவுதான். கெட்ட எண்ணம் என்று அவன் ஒளித்து வைத்திருந்ததை ஒருவர் பார்த்துவிட்டார், பார்த்தும் திட்டவில்லை. கோபம் இறங்கத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947இல் இந்த முறைக்கு எட்டு கோட்பாடுகளை எழுதினார். குழந்தை முன்னே போகட்டும், பெரியவர் பின்னால் வரட்டும் என்பது அவற்றில் ஒன்று. சொல்ல எளிது, செய்வது கடினம். எனக்கே இன்னும் சில நாள் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாங்கள் போன கார் விபத்தில் சிக்கியது. யாருக்கும் பெரிய அடி இல்லை. ஆனால் 6 வயது மகள் தினமும் பொம்மைக் கார்களை மோத விடுகிறாள். தடுக்கலாமா?

தடுக்காதீர்கள், கவனியுங்கள். பயந்துபோன குழந்தை அந்தச் சம்பவத்தையே திரும்பத் திரும்ப விளையாடுவது இயல்பு. நிஜத்தில் கையை மீறி நடந்தது, விளையாட்டில் கைக்குள் வருகிறது. கதை கொஞ்சமாவது நகர்கிறதா என்று பாருங்கள். ஒருநாள் ஆம்புலன்ஸ் வருகிறது, இன்னொரு நாள் கார் திரும்பித் தப்பிக்கிறது என்றால் அவளே வழி தேடிக்கொண்டிருக்கிறாள்.

வாரக்கணக்கில் ஒரு மாற்றமும் இல்லாமல், முகத்தில் சந்தோஷமே இல்லாமல், விளையாடி முடித்தபின் முன்பைவிடப் பதற்றமாக இருக்கிறாள், தூக்கமும் கெடுகிறது என்றால் தாமதிக்காதீர்கள். 1976இல் கலிஃபோர்னியாவின் சௌச்சில்லாவில் 26 பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தோடு கடத்தினார்கள். உயிரோடு மீண்ட அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து சந்தித்த மனநல மருத்துவர் லெனோர் டெர், இப்படி ஒரே இடத்தில் மாட்டிக்கொண்ட விளையாட்டைத்தான் விவரித்தார். அது தானாக ஆறாது. கூட ஒருவர் இருந்து மெல்ல நகர்த்த வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பயிற்சி பெற்றவர்கள் இல்லை. வீட்டில் நாங்களே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். இந்தக் கேள்விக்காகவே இன்று எழுத உட்கார்ந்தேன். 1960களில் அமெரிக்க உளவியலாளர்களான பெர்னார்ட், லூயிஸ் கெர்னி தம்பதி, பெற்றோருக்கே இந்த முறையைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். முழுப் பயிற்சி வேறு, ஆனாலும் அதன் அடிப்படையை வீட்டில் செய்து பார்க்கலாம்.

வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், 30 நிமிடம். ஒரு பெட்டியில் இதற்கென்றே சில சாமான்கள்: மனிதப் பொம்மைக் குடும்பம், மிருகங்கள், களிமண், காகிதம், கிரேயான், டாக்டர் செட், ஒரு கைப்பாவை. மற்ற நாட்களில் பெட்டியைத் திறக்க வேண்டாம். போன் வேறு அறையில் இருக்கட்டும். கூடப் பிறந்தவர்களுக்கு வேறு நேரம் கொடுங்கள்.

அப்புறம், கேள்வி கேட்காதீர்கள். 'இது யாரு? ஏன் அழுகிறது? என்ன கலர்?' எல்லாமே பரீட்சைதான். பார்ப்பதைச் சொல்லுங்கள்: 'அதை மேலே ஏற்றிவிட்டாய்', 'அது விழுந்ததும் உனக்கு எரிச்சல் வந்தது'. சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம். யானையை மாடு என்று சொன்னால் அந்த 30 நிமிடத்துக்கு அது மாடுதான். 'சூப்பர், அழகாக வரைந்திருக்கிறாய்' என்று பாராட்டுவதைக்கூடக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உங்களுக்குப் பிடித்ததையே வரையத் தொடங்கிவிடும். 'எவ்வளவு நேரம் விடாமல் வரைந்தாய்' என்றால் போதும். முடிய 5 நிமிடம் இருக்கும்போது சொல்லிவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம் செயற்கையாகத்தான் இருக்கும். விட்டுவிடாதீர்கள். அன்று குழந்தை சேட்டை செய்தது என்பதற்காக அந்த 30 நிமிடத்தை ரத்து செய்யவும் கூடாது. அது பரிசு இல்லை, உரிமை.

விளையாடும்போது என்னை அடிக்கிறான். அதையும் விட்டுவிட வேண்டுமா?

இல்லை. உணர்ச்சிக்குத் தடை கிடையாது, செயலுக்கு உண்டு. வரிசை முக்கியம். 'என் மேல் ரொம்பக் கோபம் உனக்கு. ஆனால் என்னை அடிக்கக் கூடாது. அந்தத் தலையணையை அடிக்கலாம்.' முதலில் உணர்ச்சி, பிறகு எல்லை, பிறகு மாற்று வழி. குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள்.

தெரபிஸ்ட் உள்ளே நடப்பதை எங்களிடம் முழுதாகச் சொல்வதில்லை. எங்கள் பிள்ளைதானே?

உங்கள் பிள்ளைதான். ஆனால் சொன்னதெல்லாம் வீட்டுக்குப் போய்விடும் என்று தெரிந்தால் அந்த அறை பயன்படாது. பொதுவாக எப்படி முன்னேறுகிறது, வீட்டில் எதை மாற்றலாம் என்பதை அவர் அவ்வப்போது உங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். குழந்தையின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் ரகசியம் என்று ஒன்று கிடையாது.

விவாகரத்து வழக்கு நடக்கிறது. மகள் அப்பா பொம்மையைப் பெட்டியில் பூட்டினாளாம். கோர்ட்டில் இதைச் சொல்லலாமா?

தயவுசெய்து வேண்டாம். பூட்டியது கோபமாக இருக்கலாம். அப்பா போய்விடாமல் பத்திரப்படுத்தியதாகவும் இருக்கலாம். ஒரு பொம்மையை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

எத்தனை செஷன் ஆகும்?

குழந்தைக்குக் குழந்தை மாறும். 93 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2005இல் வந்த ஒரு அலசலில், 35 முதல் 40 செஷன் வரை போனபோது பலன் அதிகமாக இருந்தது, குறைவாகப் போனவர்களுக்கும் பலன் இருந்தது. பயிற்சி பெற்ற பெற்றோரே நடத்தியபோது இன்னும் நல்ல பலன். ஆகவே வெளியே காத்திருப்பவராக மட்டும் இருந்துவிடாதீர்கள்.

13 வயது மகளுக்குப் பொம்மை சரிவருமா?

வீம்பாக மறுப்பாள். மணல் தட்டு (தட்டில் உள்ள மணலில் சின்னச் சின்ன உருவங்களை வைத்துக் காட்சி அமைப்பது), ஓவியம், போர்டு கேம் போன்றவை அந்த வயதுக்கு ஒத்துவரும்.

முதல் நாள் குழந்தையிடம் என்ன சொல்லி அழைத்துப் போவது?

'நீ கெட்ட பிள்ளையாகிவிட்டாய், அதனால்தான்' என்ற வாடைகூட வரக் கூடாது. 'கொஞ்ச நாளாக உனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு உதவுகிற ஒருவரிடம் போகிறோம். அங்கே விளையாடலாம், பேசலாம், சும்மாவும் இருக்கலாம். நான் வெளியே இந்த நாற்காலியில் இருப்பேன்' என்று சொல்லுங்கள். சொன்னபடி அந்த நாற்காலியிலேயே இருங்கள். கழிப்பறைக்குப் போவதானால் முன்பே போய்விட்டு வந்து உட்காருங்கள்.